மோட்டார் சைக்கிளில் பொதி கட்டும் முறை

பழனி மலைத்தொடரின் கீழ்மலையிலுள்ள பண்ணைக்காட்டில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை முக்கிய விளைபொருள்கள். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து இவற்றை மட்டக்குதிரைகளின்மேல் ஏற்றி வருவது இம்மலையில் நெடுங்கால வழக்கம். இக்காலத்திலோ விதை, உரம், மருந்து, மிளகு முதலிய சிறு பாரங்களைக் குடியானவர்கள் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பைகளிலிட்டுக் கொண்டு செல்கின்றனர். வாகனம் மாறினும் பொதி கட்டும் விதி மாறவில்லை.

பாரம் இருபுறமும் சமமாயிருத்தல் முதல் விதி. அளவுக்கு மிஞ்சாதிருத்தல் இரண்டாவது. 1965-ம் வருஷத்துச் சட்ட விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றலாகாதென வரையறுத்தன. மோட்டார் சைக்கிளுக்கும் அதைச் செய்தவர்கள் குறித்த வரம்பு உண்டு. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், பொதி ஆகிய மூன்றின் எடையும் அதில் அடங்கும். பொதி சரிந்தாலும் யந்திரம் தானே நில்லாது. தொங்கும் வார் ஒன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் இறுகி, வாகனம் கவிழும். வத்தலக்குண்டிலிருந்து ஏறி, ஊத்தில் பிரிந்து பண்ணைக்காடு சேரும் சாலையின் வளைவுகளில் இதனால் உயிருக்கே சேதம் நேரலாம்.

கட்டும் சாதனங்களின் குணத்தை அறிதல் அவசியம். கொக்கியுள்ள ரப்பர் கயிறு பள்ளத்தில் வாகனம் குதிக்கும்போது கழன்றுவிடும். தெறித்துக் கண்ணையும் கெடுக்கும். சணல், பருத்திக் கயிறுகள் மழையில் இறுகி, காய்ந்தபின் தளரும். தோல்வார் நனைந்தால் நீளும். நைலான் வார் உறுதியானதே. ஆயினும் நெடுநாள் வெயிலில் நைந்துவிடும், புகைக்குழலின் சூட்டில் உருகும். ஒட்டுப்பட்டை தூசி படிந்தால் பிடிக்காது. ஆகையால் துளையும் முள்ளும் உள்ள இடைவார்ப் பூட்டே நம்பத்தக்கது. ஒவ்வொரு பையையும் ஒன்றையொன்று சாராத இரண்டு கட்டுகளால் வண்டிச் சட்டத்தோடு பிணைக்கவேண்டும்; ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். வாரின் நுனியை மடித்துச் செருகுக.

புறப்படுமுன் செய்யத்தக்கவை இவை. பையைக் கையால் பிடித்து உலுக்குக. வண்டியின்றிப் பை மட்டும் அசைந்தால் கட்டு தளர்ந்ததென்பது பொருள். ஒருவரை ஆசனத்தில் அமர்த்தி, வண்டி தாழ்ந்த நிலையிலும் பை சக்கரத்தையும் செயினையும் புகைக்குழலையும் தொடாதிருப்பதைக் கவனிக்க. பின்விளக்கு, திரும்பும் விளக்குகள், எண் பலகை ஆகியவை மறைந்திருக்கலாகாது. பாரத்துக்கேற்ற காற்று டயரில் உண்டாவெனப் பார்க்க. சிறிது தூரம் சென்றபின் நிறுத்தி, கட்டுகளை மீண்டும் இறுக்குக. மூட்டை அமிழ்ந்து வார் தளர்வது அப்பொழுதுதான். மலையேறுமுன்னும், இறங்கத் தொடங்குமுன்னும் இவ்வாறே செய்க.

பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்கவேண்டுமென 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி கூறுகிறது. பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்க ஏற்பட்ட இக்காப்பு பையையும் ஓரளவு காக்கும். பை மாட்டுவதற்காக அதைக் கழற்றுவது தவறு.

காப்பி அறுவடைக் காலத்தில் இச்சாலைகளில் போக்குவரத்து மிகும். கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் மிராசுதார்களும் தம் ஆட்களுக்கு இம்முறைகளை முன்கூட்டியே செய்து காட்டுவது நலம். ஒரு வாரின் விலை சொற்பம். அது அறுவதால் நேரும் நஷ்டம் விளைச்சலோடு நிற்பதில்லை.