அஞ்சலையம்மாளுக்கு ஒரு செயலி

லால்குடி விவசாயிக்காக ஒரு கைபேசிச் செயலி செய்யப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அரசின் 'உழவன்' 2018இலேயே வந்துவிட்டது. மானியம், உர இருப்பு, சந்தை விலை என்று அதில் பலவும் உண்டு. அதுபோல இன்னொன்று. சரி, யாருக்கு? பெருவளை வாய்க்கால் பாசனத்தில் நெல் நடுபவரும் விவசாயி, கொள்ளிடக்கரையில் வாழை போட்டவரும் விவசாயி, காட்டூர் ஆலைக்குக் கரும்பு அனுப்புபவரும் விவசாயி. இவர்களைக் கூட்டி வகுத்து ஒரு 'சராசரி'யைப் பிடிக்கலாமே என்று தோன்றும். அமெரிக்க விமானப்படை அப்படித்தான் நினைத்தது. 1950இல் 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முக்கியமான பத்து அளவுகளிலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை!

ஆலன் கூப்பர் வேறு வழி சொன்னார். கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக் படித்தவர்களுக்கு அவர் ஒருவகையில் குரு. அந்த மொழிக்கு வித்திட்டவர். எண்பதுகளில் ஒரு மென்பொருள் எழுதும்போது, அதைப் பயன்படுத்தக்கூடியவர்களிடம் பேசினார். பிறகு தனியே நடந்தபடி, அவர்களில் ஒருவராகத் தன்னைப் பாவித்து வாதாடிப் பார்த்தார். இதுவே பின்னாளில் 'பெர்சோனா' என்ற முறையானது. பலரிடம் கேட்டதைத் திரட்டி, பெயரும் வேலையும் கவலையும் உள்ள ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, அவருக்காக மட்டும் வடிவமைப்பது.

நம் கற்பனை ஆள் அஞ்சலையம்மாள். இரண்டு ஏக்கர் குத்தகை நெல். பட்டா நிலக்காரர் பெயரில். பதிவு செய்த எண் திருச்சியில் வேலைபார்க்கும் மகனுடையது, ஓடிபியும் அங்கேதான் போகும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் தன் நெல்லுக்கு என்றைக்கு எடை போடுவார்கள் என்பதே அவர் கேள்வி. இப்போது பாருங்கள்: முதல் கட்டத்திலேயே பட்டா எண் கேட்கும் செயலி அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 'பயனர்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்வரை இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது.

வயது, வருமானம், ஒரு புகைப்படம் ஒட்டிப் பல நிறுவனங்கள் பெர்சோனா தயாரிக்கின்றன. வயலுக்கே போகாமல், ஏசி அறையில் எழுதியவை அவை. சுவரில் மாட்டத்தான் ஆகும். ஆள் என்ன செய்ய நினைக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்பதே சரக்கு. அதை நேரில் கேட்டுத்தான் அறிய முடியும்.

அப்படி யாராவது கேட்டுக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தால், "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் செயலியை மூடிவைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.