ஆண்டும் எழுத்தும்: பழைய அமெரிக்க நாணயத்தை அறியும் வழி

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு வந்த முதிய வாடிக்கையாளர் ஒருவர், அறிமுகமில்லாத ஒருவரின் கணக்கிற்கு 15,000 ரூபாய் அனுப்ப வேண்டும் என்றார். காரணம் வினவியபோது, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றைக் காட்டினார். கப்பலில் பணியாற்றிய அவருடைய தந்தை கொண்டுவந்தது. அதனை 20 இலட்சத்திற்கு வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் பேசிய ஒருவர், முதலில் 'வரி' கட்டச் சொல்லியிருந்தார். "பணத்தை அனுப்புமுன் நாணயத்தையே விசாரிப்போம், ஐயா" என்றேன்.

அமெரிக்க நாணயத்தில் காண வேண்டியவை இரண்டு: ஆண்டும், அச்சிட்ட நாணயச்சாலையைக் குறிக்கும் சிற்றெழுத்தும். 'எஸ்' சான்பிரான்சிஸ்கோவையும், 'ஓ' நியூ ஆர்லியன்சையும், இரட்டை 'சி' கார்சன் நகரையும் குறிக்கும். 'டி' என்பதற்கு மட்டும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1838 முதல் 1861 வரையிலான தங்க நாணயத்தில் அது டலோனிகா. 1906 முதல் டென்வர்.

எழுத்தே இல்லையெனில்? பழைய நாணயங்களில் அது பெரும்பாலும் தலைமைச் சாலையான பிலடெல்பியாவைக் குறிக்கும். நம் நாட்டிலும் கொல்கத்தா நாணயங்களுக்குக் குறி இல்லை. ஐதராபாத் நாணயங்களில் விண்மீன் காணப்படும். ஆயினும் 1965 முதல் 1967 வரை அமெரிக்காவில் எந்தச் சாலையும் எழுத்துப் பொறிக்கவில்லை. அவற்றை இவ்வழியில் பிரித்தறிய இயலாது.

ஆண்டும் சில வேளைகளில் ஏமாற்றும். '1776–1976' என்ற கால் டாலர், விடுதலையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் அச்சானது. இருநூறு ஆண்டுப் பழமையானதன்று.

எழுத்தின் இடம் நாணயத்திற்கு நாணயம் மாறும். 1878இல் தொடங்கிய மார்கன் வெள்ளி டாலரில், பூப்பக்கத்தில் மாலை முடிச்சின் கீழ் அதனைக் காணலாம். லிங்கன் சென்ட்டில் தலைப்பக்கத்தில் ஆண்டின் கீழே இருக்கும்.

இவ்வெழுத்து ஒன்றே மதிப்பைத் தலைகீழாக மாற்றக்கூடும். 1893ஆம் ஆண்டு 'எஸ்' குறியுள்ள மார்கன் டாலர் அச்சானது 1,00,000 மட்டுமே. ஆகவே, சாதாரண நாணயத்தில் எழுத்தை ஒட்டி விற்போரும் உண்டு.

பெரியவரின் டாலரை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தோம். மார்கன் வகை, ஆண்டு 1921, எழுத்து இல்லை. பிலடெல்பியாவில் அவ்வாண்டு அவ்வகையில் 4,46,90,000 நாணயங்கள் அச்சாயின. அதிலுள்ள தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராம். அதற்கு 20 இலட்சம் தருபவர் எவரும் இலர். அவர் பணம் அனுப்பும் படிவத்தைக் கிழித்துவிட்டு, "அப்பா கொண்டுவந்தது, விற்பதாகவே இல்லை" என்று டாலரை மீண்டும் முடிந்துகொண்டார்.

பழைய நாணயங்களை வாங்கவோ விற்கவோ தான் எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. முன்பணம் கேட்கும் அழைப்பு வந்தால், உங்கள் கிளையை அணுகுங்கள். நாணயத்தைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். பளபளப்புக் கூடும், சேகரிப்போரிடம் மதிப்புக் குறையும்.