வரியை விடு, வாலைப் பார்!

இரட்டைக் குழந்தைகளின் படத்தைப் போட்டு, "இதில் ராமன் யார், லட்சுமணன் யார்?" என்று கேட்கும் சிறுவர் புத்தகங்கள் எந்தக் காலத்திலும் அலுப்பதில்லை. ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. கன்னத்து மச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டு, மடித்த தாளைத் திறந்தால் விடை. அந்தமான் கடலிலும் இதே விளையாட்டு உண்டு. ஆனால் அங்கே தவறான விடை உயிருக்கே ஆபத்து.

நீலச்சாம்பல் உடலில் வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். இது கடல்பாம்பு. கொடிய விஷம். கடலில் விலாங்கு மீன்களை வேட்டையாடிவிட்டு, ஓய்வெடுக்கவும் முட்டையிடவும் கரையேறும். அதே கடலில் அதே மாதிரி பட்டை போட்ட விலாங்கு ஒன்றும் இருக்கிறது. அதற்கு விஷம் கிடையாது. பாம்பு வேஷம்தான் பாதுகாப்பு.

பட்டையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், காப்பியடிக்கப்பட்டதே அதுதான். பார்க்க வேண்டியது வாலை. பாம்பின் வால் படகுத் துடுப்புபோலத் தட்டை, நீந்துவதற்கு. விலாங்கின் வால் கூர்மை. மணலைத் துளைத்துப் புதைவதற்கு. பாம்புக்குச் செதில் உண்டு. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விலாங்குக்குச் செதிலும் இல்லை, அந்த அவசரமும் இல்லை. செவுள் இருக்கிறது.

பவழப் பாறைகளில் இன்னொரு ஜோடி. விரல் நீளத் துப்புரவு மீனிடம் பெரிய மீன்கள் வாயைத் திறந்து காட்டி நிற்கும். அது ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். அதே நீலமும் கறுப்புக் கோடும் பூண்ட போலி மீன், நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். அசலுக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்குச் சுறாவைப்போல மூக்குக்குக் கீழே.

இந்த வித்தியாசங்களைப் பழக ஸ்கூபா டைவிங் செல்வோருக்கு, நனைந்தாலும் கெடாத பட அட்டைகள் இருக்கின்றன. இருட்டில் வலையை உதறும் மீனவருக்கு அட்டையைப் புரட்ட ஏது நேரம்? இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 நிலப் பாம்புகளுக்கானது. கடல்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை.

நல்லவேளையாக, இந்தப் பாம்பு சாது. சீண்டினாலொழிய கடிப்பது அபூர்வம். எனவே கரையோரக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே பாடம்: வாலைப் பார். சந்தேகமா, தொடாதே. புத்தகத்தில் மடிப்பைத் திறந்து விடை பார்க்கலாம். கடலில் அந்த வசதி இல்லை.