ஒரு துளிக் குருதியும் ஒரு படலக் கரியும்

நீரிழிவு நோய் உடையவர் வீட்டில் கைக்கு அடக்கமான கருவி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளிக் குருதியைச் சிறு பட்டையில் தொட்டு வைத்தால், சில நொடிகளில் அக்கருவியில் ஓர் எண் தோன்றும். ஒரு டெசிலிட்டர் குருதியில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ளது என்பதே அந்த எண். காலையில் வெறும் வயிற்றில் அது 70 முதல் 100 வரை இருப்பது இயல்பு. நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள 'இழிவு' தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். உடலின் நீர் சிறுநீராக மிகுதியாய் வெளியேறுவதால் இப்பெயர் வந்தது.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் இந்த எண்ணைப் பார்த்தே மருந்தின் அளவை முடிவு செய்கின்றனர். கருவி தவறுதலாகக் கூட்டிக் காட்டினால் மருந்து மிகுந்துவிடும். சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரும். அவர்களுள் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியரும் உண்டு. நாள்தோறும் பலமுறை விரலைக் குத்திக்கொள்வது எளிதன்று.

பட்டை எவ்வாறு சர்க்கரையை அறிகிறது? பல பட்டைகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி பூசப்பட்டிருக்கும். அது குளுக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கும். அவை மின்முனையைச் சென்றடைந்தால் மின்னோட்டம் உண்டாகும். சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். மின்முனையுடன் நொதியை இணைக்கும் இவ்வழியை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க்கும் அவருடன் பணியாற்றிய லயான்சும் முன்வைத்தனர்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நொதியின் வேலை நடக்கும் இடம், பலாச்சுளைக்குள் கொட்டை இருப்பதுபோல, புரதத்தின் உள்ளே புதைந்து கிடக்கிறது. எலக்ட்ரான் தானாக வெளியே வருவது அரிது. ஆகவே ஓடக்காரரைப் போல அதை ஏற்றிச்சென்று மின்முனையில் இறக்கிவிட வேறொரு வேதிப்பொருளையும் சேர்க்கிறார்கள்.

இங்கேதான் கிராபீன் துணைக்கு வருகிறது. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அன்று; கிராபைட் என்னும் ஒருவகைக் கரி. அது அடுக்கடுக்கானது. ஓர் அணுவின் தடிப்பே உள்ள ஒற்றை அடுக்குக்குக் கிராபீன் என்று பெயர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராபைட்டை உரித்து உரித்தே இதைப் பிரித்தெடுத்தனர். 2004இல் வெளியான அந்த ஆய்வு 2010இல் நோபல் பரிசு பெற்றது. ஒரு கிராம் கிராபீனின் இருபுறப் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 2,630 சதுர மீட்டர். ஆறு கூடைப்பந்து ஆடுகளங்களைவிடப் பெரிது! அத்தகைய பரப்பில் நொதிகள் ஏராளமாகத் தங்கலாம். எலக்ட்ரான்களும் அதில் தடையின்றி ஓடும். எனவே மிகச் சிறிய மின்னோட்டத்தையும் உணர முடிகிறது.

இந்நுண்மை வியர்வையைச் சோதிக்கப் பெரிதும் தேவை. வியர்வையில் உள்ள குளுக்கோஸ், குருதியில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே. 2016இல் தென்கொரியாவின் சியோல் நகர ஆய்வாளர்கள், பொன் அணுக்கள் சேர்த்த கிராபீனால் தோலில் ஒட்டும் பட்டை ஒன்றைச் செய்தனர். வியர்வையின் புளிப்பும் வெப்பமும் மாறினால் நொதியின் வேகமும் மாறும் என்பதால், அவற்றை அளக்கும் உணரிகளையும் அதிலேயே பொருத்தினர்.

விரலைக் குத்தாமலே சர்க்கரையை அறியும் நாள் வந்துவிட்டதா? தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செருகி அளக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் விலை மிகுதி. வியர்வைப் பட்டையோ இன்னும் ஆய்வுக்கூடப் பொருளாகவே உள்ளது. குருதியில் சர்க்கரை ஏறிச் சற்று நேரம் கழிந்த பின்னரே வியர்வையில் அது தெரியும்; தோலின் அழுக்கும் அளவைக் கெடுக்கும். ஆகையால் மருத்துவர்கள் வியர்வை காட்டும் எண்ணைக் கொண்டு இன்சுலின் அளவைக் குறிப்பதில்லை.