அரிக்காத தேமலை அலட்சியம் செய்யாதீர்கள்

தோலில் அரிப்பு வந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அரிப்போ வலியோ இல்லாத தேமலைத் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுகிறோம். முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மறைத்து மேலும் பரவவிடும். விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்து, இரவில் அரிப்பு கூடினால் சொறி சிரங்கு. வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். பால் போல வெளுத்து, உணர்ச்சி குறையாமல் இருந்தால் பெரும்பாலும் வெண்புள்ளி, அது தொற்றாது.

சற்று வெளிறியோ சிவந்தோ இருக்கும் தேமலை, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியாவிட்டால் தொழுநோயாக இருக்கலாம். காது மடல் தடிப்பதும், கை கால் மரத்துப்போவதும், கம்பெனி வேலையில் சூடு பட்டும் உறைக்காததும் அதன் அறிகுறிகளாகலாம்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமென்று சில வீடுகளில் இதை மறைக்கிறார்கள். நாள் கடந்தால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடும். ஆரம்பத்திலேயே காட்டி, 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நமக்கு அருகிலேயே, செங்கல்பட்டு திருமணியில், மத்திய அரசின் தொழுநோய் நிலையம் 1955 முதல் இயங்குகிறது. சிகிச்சையில் இருப்பவரை வீட்டில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

உளூச் செய்யும்போது கை, முகம், காது, கால்களைக் கவனிப்போம். முதுகை வீட்டார் பார்க்கட்டும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.