மிண்ட்சென்டி விசாரணை

ஹங்கேரி நாட்டுக் கத்தோலிக்க திருச்சபையின் தலைவரான கார்டினல் மிண்ட்சென்டி 1948 டிசம்பர் 26-ந் தேதி கைது செய்யப்பட்டார். 1949 பிப்ரவரி 8-ந் தேதி அவருக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. ராஜத்துரோகம், சதி, அந்நிய நாணய மோசடி என்பவை குற்றச்சாட்டுகள். இவற்றுள் பலவற்றை அவரே நியாயஸ்தலத்தில் ஒப்புக்கொண்டார். கம்யூனிஸ்ட் சர்க்காரும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் அவ்வொப்புதல் எங்கே பிறந்தது? புடாபெஸ்ட் நகரில் ஆண்ட்ராஸி வீதி 60-ம் எண்ணுள்ள மாளிகையில். இரகசியப் போலீஸின் தலைமையகத்தில். தூக்கமின்றி வைத்து, ரப்பர்த் தடியால் அடித்துத் தம்மைப் பணிய வைத்ததாகக் கார்டினல் பின்னர் எழுதினார். கைதாகுமுன்பே, தாம் எதையேனும் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தால் அதை மனித பலவீனத்தின் விளைவாகவே கொள்ளவேண்டும் என்று எழுதியும் வைத்திருந்தார். வரப்போவதை அவர் அறிந்திருந்தார்.

அவருடைய அரசியற் கருத்துக்கள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. அவர் முடியாட்சியில் பற்றுள்ளவர். திருச்சபையின் பெரும் பண்ணைகள் 1945-ல் குடியானவர்களுக்குப் பங்கிடப்பட்டதை நியாயமென்று சொல்வாரும் உண்டு. 1948-ல் திருச்சபைப் பள்ளிக்கூடங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதை அவர் வன்மையாக எதிர்த்தார். எதிர்க்கும் உரிமை பிரஜைக்கு உண்டு. மறுத்து வாதிக்கும் உரிமை சர்க்காருக்கும் உண்டு. வாதத்தில் வெல்லும் நம்பிக்கையுள்ள சர்க்கார் தடியைத் தேடுவானேன்?

பிற்போக்காளர் என்பதற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் என்பாருக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1944-ல் அவரைச் சிறையிலிட்டவர்கள் நாஜிகளின் ஹங்கேரியக் கூட்டாளிகளான அம்புச்சிலுவைக் கட்சியார். அவர்களுடைய தலைமையகமாக இருந்ததும் அதே ஆண்ட்ராஸி வீதி மாளிகைதான். எஜமானர் மாறினர், மாளிகையின் தொழில் மாறவில்லை.

1950-ல் துறவியர் சபைகளிற் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. 1951-ல் ஆர்ச்பிஷப் குரோஸ் அவ்வாறே விசாரிக்கப்பட்டு 15 வருஷ தண்டனை பெற்றார். 1956 புரட்சியில் மிண்ட்சென்டி விடுதலையானார். சில தினங்களில் சோவியத் டாங்கிகள் நகருட் புகவே அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, 1971 வரை 15 வருஷம் அங்கேயே கழித்தார். 1975-ல் வியன்னாவில் காலமானார். 1991-ல் அவரது உடல் எஸ்டர்காம் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த மாளிகை 2002 முதல் கொடுங்கோன்மையின் காட்சிசாலையாக விளங்குகிறது.

ஏழைகளின் பெயரால் ஆண்டாலும், தேசத்தின் பெயரால் ஆண்டாலும், போலீஸ் அறையில் பிடுங்கிய வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ளும் சர்க்கார் தன் குற்றத்தையே ஒப்புக்கொள்கிறது. நமக்குப் பிடிக்காத மனிதர் கூண்டில் நிற்கும்போதும் இதை மறவாதவரே சுதந்திரத்தின் நண்பராவர்.