மாதர் மறைக்கும் நோவு

நமது வீடுகளில் பால்காரர் வராத நாள் காலண்டரில் தவறாமல் குறிக்கப்படுகிறது. ஆனால் அதே வீட்டு அம்மாளுக்கு மாதத்தில் எத்தனை நாள் தலை வலித்தது, எப்போது அடிவயிறு நொந்தது, விலக்கு நாளல்லாத நாளில் உதிரம் கண்டதா என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. "பெண் ஜன்மம் என்றால் இதெல்லாம் உண்டு" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். இந்த ஒரு வாக்கியத்தால் விளைந்த கேடு கொஞ்சமல்ல.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ம் வருஷம் சேர்ந்த நான்கு பெண்மணிகளில் மேரி ஷார்லீப் அம்மையார் ஒருவர். ஆண் வைத்தியர் முன் வர மாட்டாமல் இந்நாட்டு ஸ்திரீகள் பட்ட அவதியைக் கேள்வியுற்றே அவர் அக்கல்வியை நாடினார். அவர் முயற்சியால் 1885-ல் ஏற்பட்ட 'கோஷா ஆஸ்பத்திரி' பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றுத் திருவல்லிக்கேணியில் இன்றும் நடந்து வருகிறது. கோஷா போயிற்று, கூச்சம் மட்டும் போகவில்லை.

முதலில் தலைவலி. விலக்குக்கு இரண்டு நாள் முன்னும், தொடங்கிய முதல் மூன்று நாளிலும் ஒற்றைத் தலைவலி வருவது பலருக்கு வழக்கம். ஈஸ்ட்ரஜன் என்னும் சுரப்பு அச்சமயம் குறைவதே காரணம். இரண்டு மூன்று மாதம் தேதி குறித்து வைத்தால் இது தானே விளங்கும். வைத்தியருக்கும் பாதி வேலை மிச்சம். பாரஸிட்டமால் போன்ற மாத்திரைகளை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகி விடுகிறது. மாத்திரை போட்டுத் தலைவலியை வளர்ப்பவர் நம்மில் அநேகர்! கண் முன் மின்னல் போல் தோன்றிப் பின் தலை வலிப்பவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை உண்ணுமுன் அதை வைத்தியரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரையால் அவர்களுக்குப் பக்கவாத அபாயம் அதிகம்.

அடிவயிற்று வலியைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் பெண்களைப் பார்த்து வருகிறவர்கள் என்ற முறையில் நமக்குச் சற்றுக் கோபமே உண்டு. மாதந்தோறும் இரண்டு நாள் வகுப்புக்கு வராத பெண் சோம்பேறியல்ல. "கல்யாணமானால் சரியாகி விடும்" என்பது வைத்தியமும் அல்ல. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், பிள்ளை பெறும் வயதினரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு உண்டு. கண்டுபிடிக்கப்படாமலே வருஷங்கள் கழிகின்றன. சாதாரணச் சூதக வலியானால் வெந்நீர் ஒத்தடமும், வயிற்றுப்புண் முதலிய தடையில்லாதவருக்கு உணவுக்குப் பின் இபுப்ரோபென் போன்ற மாத்திரையும் பெரும்பாலும் போதும். அவற்றுக்கு அடங்காத வலியை டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும்.

இனி இடை நாட்களில் காணும் உதிரம். கர்ப்பத்தடை மாத்திரை, தைராய்டு கோளாறு, கருப்பைக் கட்டி எனக் காரணங்கள் பல. பெரும்பாலானவை எளிதில் தீர்பவை. ஆனால் விலக்கு தள்ளிப் போயிருக்கையில் ஒரு பக்க வலியும் சிறிது உதிரமும் கண்டு தலை சுற்றினால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விலக்கு நின்று ஓராண்டு சென்ற பின் ஒரு துளி கண்டாலும், தாம்பத்திய உறவுக்குப் பின் கண்டாலும், புற்றுநோய் இல்லையென்று சோதித்தறிதல் அவசியம்.

திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பை வாயில் காடியின் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். ஒரே ஒரு தடவைதான். சோதனை நடவாத கிராமங்களோடு ஒப்பிட்டதில், கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியாயிற்று. நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பை வாய்ப் பரிசோதனையை இப்பொழுது இலவசமாகவே செய்கிறார்கள். சில நிமிஷ வேலை. முப்பது வயதானவர்கள் நோவு ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் வரலாம்.